ஆஹு அகிவி சிலைகள் கடலைப் பார்க்கின்றனவா? இல்லவே இல்லை!

கிணற்றுத்தவளை:
போன வாரம் உலகஞ்சுற்றி மேடம் ஈஸ்டர் தீவுப் பயணக் குறிப்பு போட்டிருந்தாங்க. படமெல்லாம் அருமை, ஒத்துக்கறேன். நடுவுல ஒரு வரி: "மற்ற சிலைகள் எல்லாம் கடலுக்கு முதுகு காட்டி நிற்க, ஆஹு அகிவியின் ஏழு சிலைகள் மட்டும் கடலைப் பார்த்து நிற்கின்றன." அதுக்குக் கீழ வரிசையா கைதட்டல். அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல.

நானும் போய்ப் பார்த்தவன்தான். அந்த ஏழும் கடற்கரையிலயே இல்ல. கரையிலேர்ந்து ரெண்டரை கிலோமீட்டர் உள்ள, மேட்டுல நிக்குது. முன்னாடி சடங்கு நடந்த முற்றம். அதுக்கு அந்தப் பக்கம் ஊர் இருந்த இடம். தீவு முழுக்க சிலை எதைப் பார்க்குது? தன் முற்றத்தை, தன் சனத்தை. ஆஹுன்னா சிலை நிக்கிற கல் மேடை. அந்த மேடையைக் கடலோரத்துல கட்டிட்டு ஊரைப் பார்க்க வெச்சா முதுகு கடல் பக்கம்தான் வரும். அகிவியில ஊர் மேற்கே இருந்தது, சிலையும் மேற்கே பார்க்குது. அதே திசையில ரெண்டரை கிலோமீட்டர் தள்ளி கடலும் கிடக்கு. என் வீட்டு வாசல் கிழக்கே பார்த்ததுதான். அதுக்காக நான் வங்காள விரிகுடாவைப் பார்த்து வீடு கட்டினேன்னு சொல்லுவீங்களா?

உலகஞ்சுற்றி:
வணக்கம் தவளை சார். ஒரு வரிக்காகத் தனி இழையே திறந்துட்டீங்க, நன்றி. எங்க வழிகாட்டி அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஹவ் மாக்கா என்பவர் கனவில் இந்தத் தீவைக் கண்டார், அதைக் கேட்டு மன்னர் ஹோட்டு மாத்துவா முதலில் ஏழு பேரை அனுப்பினார், அந்த ஏழு பேர்தான் அகிவியில் தாங்கள் வந்த கடலைப் பார்த்து நிற்கிறார்கள் என்று அவர் சொன்னார். அந்த மண்ணின் பிள்ளை சொல்வதை நம்பவா, கிணற்றுக்குள்ளிருந்து வரும் சத்தத்தை நம்பவா?

அப்புறம், போன வருடம் அங்கோர்வாட் இழையில் "முகப்பு கிழக்கேதான்" என்று நான்கு நாள் மல்லுக்கட்டியது யார் என்று இங்கே பலருக்கும் நினைவிருக்கும்.

கிணற்றுத்தவளை:
அங்கோர்வாட்ல மேற்கு என்பது கிழக்குனு விழுந்தது தட்டச்சுப் பிழை. அப்பவே சொல்லிட்டேன்.

எங்க வழிகாட்டியும் அந்த மண்ணோட பிள்ளைதான், மேடம். இப்போ உள்ளூர் வழிகாட்டி இல்லாம பெரும்பாலான இடத்துக்குள்ள விடவே மாட்டாங்க. சிலையெல்லாம் இருக்கிற தேசியப் பூங்காவை நடத்துறதே ராப்பா நூயி மக்களோட, அதாவது தீவோட பூர்வகுடிகளோட, மாவ் ஹெனுவா அமைப்பு. அதனால உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா ஒரு மண்ணின் பிள்ளை கிடைக்கல. ஏழு பேர் கதையை எங்காளும் சொன்னார். சொல்லிட்டுச் சிரிச்சார். தீவுல ஆள் குடியேறினது 1200 வாக்குல. அந்த மேடை சில நூற்றாண்டு கழிச்சு எழும்பினது. ஏழு சிலை இருக்கவும் ஏழு பேர் கதையைக் கொண்டுவந்து ஒட்டிட்டாங்க. சிலை பார்க்கிறது முற்றத்தை.

கணக்குப்பிள்ளை:
நல்ல இழை. அடுத்த வருடம் அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். வயசு 68, முட்டிவலி. பழைய சடங்கு ஊரான ஒரொங்கோ, சிலை வெட்டின எரிமலை ரானோ ரராக்கு, ரெண்டுலயும் எவ்வளவு நடக்கணும்? யாராவது சொன்னா உதவியா இருக்கும்.

சுத்தியல்:
தவளை அண்ணே, ஒரு சந்தேகம். 19ஆம் நூற்றாண்டு நடுவுலயே மேடை மேல இருந்த சிலை அத்தனையும் கவுந்து போச்சு. அகிவியை 1960ல தொல்லியல்காரங்க வில்லியம் முல்லோயும் கொன்சாலோ ஃபிகெரோவாவும் சேர்ந்து நிமிர்த்தினாங்க. அப்போ அது எந்தப் பக்கம் பார்க்கணும்னு முடிவு பண்ணது முல்லோயா, முன்னோரா?

கிணற்றுத்தவளை:
தம்பி, ஆஹுன்னா வெறும் கல் குவியல் இல்ல. முன்பக்கம் உருண்டைக்கல் பாவின சரிவு, அதைத் தாண்டி முற்றம். எது முன், எது பின்னு மேடையே சொல்லிடும். முல்லோய் இஷ்டத்துக்குத் திருப்பி வெக்க அது மேசை விசிறி இல்ல. முன்பக்கம் என்ன இருக்கு? முற்றம். நான் முதல்லேர்ந்து என்ன சொல்றேன்? முற்றம்.

வடபழனி வாத்தியார்:
கடல், முற்றம் என்று சண்டை போடுகிறீர்களே, சிலையை வடித்தவன் யார் என்று ஒருவராவது கேட்டீர்களா? அதே தீவின் இன்னொரு மேடையான வினாப்புவில் கத்தி நுழையாத கல் இணைப்பைப் பார்த்தால் பெருவின் இன்கா சுவர் நினைவுக்கு வரவில்லையா? நார்வே ஆய்வாளர் தோர் ஹேயர்டால் 1947இல் பால்சா மரத் தெப்பத்தில் பெருவிலிருந்து பசிபிக் தீவுக்கூட்டமான பாலினேசியா போய்ச் சேர்ந்து காட்டினார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2024இல் வந்த மரபணு ஆய்வும் பழைய ராப்பா நூயி எலும்புகளில் ஏறக்குறைய 10 சதவீதம் அமெரிக்கப் பூர்வகுடிக் கலப்பு என்கிறது. தீவுக்கு முதலில் வந்தவர்கள் தென் அமெரிக்கர் என்று ஹேயர்டால் சொன்னபோது எல்லோரும் சிரித்தீர்கள்.

கிணற்றுத்தவளை:
வாத்தியாரே, மீதி 90 சதவீதம் யாருது? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே. அதே ஆய்வு அந்தக் கலப்பு 1250க்கும் 1430க்கும் நடுவுலன்னு சொல்லுது, அதாவது குடியேறின பிறகு. பாலினேசியக்காரன் விண்மீனையும் அலையையும் பறவையையும் பார்த்துக்கிட்டு நியூசிலாந்து, ஹவாய்னு போனவன். தீவைக் கண்டுபிடிச்சவனுக்கு அதைவிடப் பெரிய கண்டம் கண்ணுல படாதா? வினாப்பு சுவர்ல கல்லு பலகை மாதிரி முகப்புக்கு நிறுத்தினது, உள்ள நிரப்பினது சில்லு. இன்கா சுவர் முழுப் பாறை. மேலோட்டமாப் பார்த்தா எல்லாம் ஒண்ணுதான்.

வடபழனி வாத்தியார்:
ஐயா மேலோட்டமாகப் பார்க்கிறவன் என்கிறீர்கள். முப்பது வருடம் சரித்திரம் நடத்தியவன் நான். குறித்துக்கொள்கிறேன்.

செந்தமிழ்ச்சேரன்:
அன்பர்களே, கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டுப் பெருவுக்கும் பாலினேசியாவுக்கும் அலைகிறீர்கள். அச்சிலைகளின் பெயர் என்ன? மோவாய். மோவாய் என்றால் என்ன? முகவாய்க்கட்டை. அச்சிலைகளில் துருத்திக்கொண்டு நிற்பது எது? இதற்கு மேலும் சான்று வேண்டுமா? அவர்களின் ரொங்கோரொங்கோ எழுத்து சிந்துவெளி எழுத்தை ஒத்திருப்பதாக 1932இலேயே எவெசி என்னும் ஐரோப்பியர் கூறிவிட்டார்.

சுத்தியல்:
அய்யா, சிலைக்கு மூக்கும் காதும் கூட நீளமாத்தான் இருக்கு. காதுன்னு ஏன் பேர் வெக்கல?

கிணற்றுத்தவளை:
சேரன் ஐயா, தமிழ்ப்பற்று எனக்கும் உண்டு. அவங்க மொழியில மோஆய்னா சிலை. நடுவுல தொண்டையில ஒரு வெட்டு விழும், "மோ", நிறுத்தி, "ஆய்". எவெசி பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டின சிந்து எழுத்துக்கும் ரொங்கோரொங்கோவுக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான வருஷமும் ஆயிரக்கணக்கான மைலும் இருக்கு. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்களை 1862ல பெருவிலேர்ந்து வந்த அடிமை வேட்டைக்காரங்க பிடிச்சுட்டுப் போனாங்க. அப்புறம் அம்மை. 1877ல தீவுல மிச்சம் 111 பேர். அந்த வயித்தெரிச்சலைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம, செத்துப்போனவன் எழுத்துக்கு நாம பட்டா போட வேணாம்.

இழைக்கு வருவோம். முற்றம்.

செந்தமிழ்ச்சேரன்:
தொண்டையில் வெட்டு விழுமாம்! தமிழ் என்றாலே சிலருக்குத் தொண்டையில் ஏதோ விழுந்துவிடுகிறது.

உலகஞ்சுற்றி:
சார், விஷயத்துக்கு வாங்க. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் அகிவிக்கு நேரெதிரே சூரியன் மறைகிறது. சூரியன் எங்கே போய் மறைகிறது? கடலில்தானே? முற்றத்தில் மறைகிறதா?

கிணற்றுத்தவளை:
அப்போ சூரியனைப் பார்க்குதா, கடலைப் பார்க்குதா? ஏதாவது ஒண்ணுல நில்லுங்க மேடம். முதல்ல ஏழு பேர் வந்த வழி, இப்போ சூரியன். நாளைக்கு மேல பறக்கிற விமானம்பீங்க. அந்தக் கண்ணுக்குழியில ஒரு காலத்துல வெள்ளைப் பவளத்துல கண்ணு பதிச்சிருந்தாங்க. 1978ல அனகேனா கடற்கரையில தோண்டினப்போ கிடைச்சது, தீவு அருங்காட்சியகத்துல இருக்கு, பார்த்தீங்களா இல்லியா? கண்ணு வெச்சாத்தான் சிலைக்கு உயிர். உயிர் வந்த முன்னோர் குனிஞ்சு யாரைக் காக்கணும்? முன்னாடி நிக்கிற சனத்தையா, யாருமே இல்லாத தண்ணியையா?

கணக்குப்பிள்ளை:
ரானோ ரராக்குவுல எரிமலைச் சரிவுல ஏறணுமா? பூங்கா நுழைவுச் சீட்டு 10 நாள் செல்லும், ஆனா ஒரொங்கோவுக்கும் ரரராக்குவுக்கும் ஒரே ஒரு தடவைதான் விடுவாங்கன்னு படிச்சேன். அம்மாவுக்கு அன்னிக்கு முடியலன்னா?

சுத்தியல்:
*ரராக்கு. ஒரு ர கூட விழுந்துடுச்சு பாருங்க.

நிர்வாகி:
சேரன், வாத்தியார், தனிநபர் தாக்குதல் வேண்டாம். மோவாய் பற்றிய பதிவுகளைச் சொல்லாராய்ச்சிப் பகுதிக்கு மாற்றப் போகிறேன்.

செந்தமிழ்ச்சேரன்:
மாற்றுங்கள், மாற்றுங்கள். உண்மையை மாற்ற முடியாது.

உலகஞ்சுற்றி:
இத்தோடு என் பக்கம் முடிந்தது. நான் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். சிலைகளின் தோளுக்கு மேலே நீலக் கோடு தெரிகிறதா? அதுதான் கடல். கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். பவளக் கண்ணாக இருந்தாலும் சரி.

கிணற்றுத்தவளை:
பெரிசாக்கிப் பார்த்தேன். அந்த நீலம் வானம், மேடம். மேகம் இல்லாத நாள் அப்படித்தான் இருக்கும்.

அது கிடக்கட்டும். படத்துல ஏழு சிலைக்கும் முதுகு தெரியுதே, நீங்க எங்க நின்னு எடுத்தீங்க? கல் அடுக்குக்கு அந்தப் பக்கம் போனீங்களா? மேடை மேல கால் வெக்கிறது குத்தம்னு முதல் நாளே சொல்லியிருப்பாங்களே. 2008ல ஒரு ஃபின்லாந்துக்காரர் சிலைக் காதை உடைச்சு மாட்டிக்கிட்டது தெரியும்ல?

உலகஞ்சுற்றி:
என்னைக் காது உடைத்தவரோடு சேர்க்கிறீர்களா? நான் வண்டிப் பாதையில் நின்று எடுத்தேன். நிர்வாகி அவர்களே, இதைக் கவனியுங்கள்.

கிணற்றுத்தவளை:
வண்டிப் பாதை முன்பக்கம்தானே வருது?

சுத்தியல்:
அப்போ முன்பக்கம் வண்டிப் பாதையா, முற்றமா அண்ணே?

கிணற்றுத்தவளை:
தம்பி, நீ யார் பக்கம்?