ரிஸ்க் ஃபேக்டர் – ‘காரணி’ சரிதானா? (ஆண்களிடம் எச்.பி.வி. தொற்று)

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்களுக்கான எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோயோடு சேர்த்து இந்த வைரஸைப் பற்றித் தமிழில் ஓரளவு வந்துவிட்டது. ஆண்களுக்கும் இது ஆண்குறி, ஆசனவாய், தொண்டை ஆகிய இடங்களில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் சொல்ல ஆளில்லை. இரண்டாம் பக்கத்திலேயே ‘ரிஸ்க் ஃபேக்டர்’ (நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது) வந்து நிற்கிறது. நாளிதழ்களில் ‘ஆபத்துக் காரணி’ என்கிறார்கள். சிலர் ‘இடர்க்காரணி’ என்கிறார்கள். உடன் வேலை செய்பவர் ‘தொற்றுவாய்ப்பு’ என்று எழுதிக் கொடுத்தார். படித்தால் வேலைவாய்ப்பு முகாம் அறிவிப்பு மாதிரி இருக்கிறது. எதை எடுக்கலாம்?

– தேன்

---

தேன் அவர்களுக்கு,

இடர்க்காரணி போதும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ஃபேக்டருக்குக் ‘காரணி’ என்பது பள்ளிக் கணக்குப் பாடத்திலேயே ஊறிவிட்ட சொல். காரணிப்படுத்தாமல் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் யார்? இருக்கிற சொல்லைப் புழங்கவிடாமல் ஆளுக்கொன்று ஆக்கிக்கொண்டே போவதுதான் கலைச்சொல்லுக்கு வந்த கேடு.

ஆனால் வைரஸை அப்படியே வைத்துக்கொண்டு ரிஸ்க் ஃபேக்டரை மட்டும் மொழிபெயர்ப்பது என்ன நியாயம்? பாப்பிலோமா என்பது மரு. ‘மருத் தீநுண்மி’ என்று போடுங்கள்.

– புலவர்

---

> ஃபேக்டருக்குக் ‘காரணி’ என்பது பள்ளிக் கணக்குப் பாடத்திலேயே ஊறிவிட்ட சொல்.

ஐயா, ஊறியது உண்மை. ஆனால் ஆறுக்கு இரண்டு ஒரு காரணி என்றால் யாரும் இரண்டின் மேல் பழி போடுவதில்லை. நோயில் கதை வேறு. பால்வினை நோய்ப் பிரிவில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ‘காரணி’ என்று சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் காதில் ‘காரணம்’ என்றுதான் விழுகிறது. அடுத்த கேள்வி, “அப்ப எனக்கு அதனாலதான் வந்துச்சா டாக்டர்?” அதைவிட மோசம், எந்தக் ‘காரணி’யும் தனக்கு இல்லை என்று பார்த்துவிட்டு நிம்மதியாக எழுந்து போகிறவர். எச்.பி.வி.க்குக் காரணம் எச்.பி.வி. மட்டுமே. மற்றவை அது வந்து சேர்வதைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். ஒரே ஒருவருடன் மட்டும் உறவு கொண்டவருக்கும் இது வரலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கூடுவது எது? தொற்று வருவதா, வந்தது போகாமல் தங்குவதா? ஆண்களிடம் இந்த வைரஸ் மிகச் சாதாரணம். 2023-இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்புப் பகுதியில் ஏதோ ஒரு வகை இருந்தது. ஐவரில் ஒருவருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வகை. பெரும்பாலும் தானாகவே போய்விடும். போகாமல் தங்குவதுதான் வருடக்கணக்கில் கழித்துத் தொல்லை தருவது. ஆகவே இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடினால் கையேடு படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

இதைப் பிரித்துக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர் அன்னா ஜூலியானோ தலைமையில் பிரேசிலின் சாவோ பாலோ, மெக்சிகோவின் குவெர்னவாகா, அமெரிக்காவின் டாம்பா ஆகிய மூன்று இடங்களில் 18 முதல் 70 வயது வரையிலான நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைச் சேர்த்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லிப் பரிசோதித்தார்கள். 2011-இல் லான்செட்டில் வந்த அதன் முடிவுகளில் ஒரு தொற்று தங்கிய காலத்தின் இடைநிலை ஏழரை மாதம். புற்றுநோய் உண்டாக்கும் 16-ஆம் வகைக்கு மட்டும் பன்னிரண்டு மாதம். 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்களுடன் உறவு கொண்டவர்களுக்குப் புற்றுநோய் வகைத் தொற்று புதிதாக வருவது, ஒருவருடன் மட்டுமோ எவருடனும் இல்லாமலோ இருந்தவர்களைப் போல 2.4 மடங்கு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்களுடன் ஆசனவாய் உறவு கொண்டவர்களுக்கு 2.6 மடங்கு. நிறையப் பெண்களுடன் உறவு கொண்டவர்களுக்கு வந்தது போகவும் நாளானது. ஆக இந்த எண்ணிக்கை இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

வயதைப் பாருங்கள், இங்கேதான் ‘காரணி’ காலை வாரிவிடுகிறது. பெண்களிடம் இளவயதில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும் தொற்று, ஆண்களிடம் அப்படி இறங்குவதில்லை. மேற்படி ஆய்வில் வயது ஏறினாலும் புதுத்தொற்று குறையவில்லை. ஆனால் வயது கூடக்கூடத் தொற்று சீக்கிரம் நீங்கியது. வருவதற்கு வயது ஒரு பொருட்டே இல்லை. தங்குவதற்கு இளவயது பாதகம். இப்போது “வயது ஓர் இடர்க்காரணி” என்ற வாக்கியத்துக்கு என்ன பொருள்?

முன்தோல் நீக்கமும் அப்படித்தான். (எங்கள் பிரிவில் சுன்னத்து என்றால் எல்லோருக்கும் புரியும், கையேட்டில் மதம் கலக்காத சொல் இருக்கட்டும்.) உகாண்டாவின் ராக்காயில் நடந்த சோதனையில் அறுவை செய்துகொண்டவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினருக்கும் புற்றுநோய் வகைகள் இருந்தன. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம் சோதனையும் அதே திசையில்தான். ஆனால் மூன்று நாட்டு ஆய்வில், முன்தோல் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் புதுத்தொற்று வருவதில் மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. புகை பிடிப்பது, எச்.ஐ.வி., ஆணுறை அணியாதது ஆகியவை பற்றித் தேன் ஏற்கனவே எழுதியிருப்பார். ஆணுறை மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும் என்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

எனவே என் முன்மொழிவு: பொதுச்சொல்லாக ‘இடர்க்கூறு’. அதற்குள் ‘வரவுக்கூறு’, ‘தங்கற்கூறு’. “சளி நெஞ்சிலேயே தங்கிடுச்சு” என்று எல்லோரும் பேசுகிறோமே, அந்தத் ‘தங்கு’.

இன்னொன்று. தொற்று உடம்பை விட்டுப் போவதை ஆங்கிலத்தில் கிளியரன்ஸ் என்பார்கள், அதற்குத் ‘தொற்று நீக்கம்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘நீக்கம்’ என்றால் யாரோ நீக்கியிருக்க வேண்டும். மருவைச் சுடலாம், உறையவைத்து எடுக்கலாம். வைரஸை எடுக்க மருந்து கிடையாது, உடம்பே பார்த்துக்கொண்டால்தான் உண்டு. ‘தொற்று நீங்கல்’ என்றே இருக்கட்டும்.

‘மருத் தீநுண்மி’ வேண்டாம். மரு எழுப்பும் 6, 11 வகைகள் புற்றுநோய் உண்டாக்குவது மிக அரிது; புற்றுநோய் உண்டாக்கும் 16, 18 வகைகள் பொதுவாக மருவே எழுப்புவதில்லை. மருவைத் தேடிப்பார்த்து “எனக்கு ஒன்றுமில்லை” என்று போய்விடுவார்கள். எச்.பி.வி. என்றே இருக்கட்டும்.

– தோல் மருத்துவர்

---

டொக்டரின் பிரிப்பு நல்லது. ஆனால் ‘கூறு’ எண்டால் பகுதி. இடர்க்கூறு என்பது இடரின் ஒரு துண்டு மாதிரிக் கேட்குது. கூட்டுறதை ‘இடரேற்றி’, குறைக்கிறதை ‘இடர்தணி’ எண்டு சொல்லலாமே? ஆணுறை ஒரு இடர்தணி. அவுஸ்திரேலியாவில 2013-இல இருந்து பெடியளுக்கும் பள்ளிக்கூடத்திலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடுகினம், அதுவும் இடர்தணி. இங்கிலீசில ஒரே சொல்லுக்குள்ள ரெண்டையும் அடைக்கிறார்கள் எண்டதுக்காக நாங்களும் அடைக்க வேணுமே?

– மெல்பேர்ன் வாசி

---

‘இடர்தணி’ நன்று. ‘இடரேற்றி’ தண்ணீர் ஏற்றும் மோட்டார் போல ஒலிக்கிறது, ‘இடர்கூட்டி’ எனலாம். ‘காரணி’யைக் கணக்கோடு விட்டுவிடச் சம்மதம். ‘மருத் தீநுண்மி’யைத் திரும்பப் பெறுகிறேன், ‘தீநுண்மி’யை அல்ல.

– புலவர்

---

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் ‘இடர்கூட்டிகள், இடர்தணிகள்’ என்று வைத்துக்கொள்கிறேன். உள்ளே கலைச்சொல் இல்லாமல் “தொற்று வருவதைக் கூட்டுபவை”, “வந்த தொற்று தங்குவதைக் கூட்டுபவை” என்று இரண்டு பத்தி. வரவுக்கூறும் தங்கற்கூறும் ஆய்வுக் கட்டுரைக்கு இருக்கட்டும், டாக்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘வரவு’ என்றதும் என் அப்பா ‘செலவு’ எங்கே என்றார்.

ஒரு சொல் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது. ‘செக்ஸ் பார்ட்னர்’ என்பதற்குப் ‘பாலுறவுத் துணை’ என்று எழுதி, வரைவை இரண்டு மூன்று லாரி ஓட்டுநர்களிடம் வாசித்துக் காட்டினேன். “உங்களுக்கு இதுவரை எத்தனை துணைகள்?” என்ற கேள்விக்கு ஒருவர் “ஒரே துணைதாங்க, வீட்ல இருக்காங்க” என்றார். கேள்வியை “வெளியே போனதுண்டா?” என்று மாற்றியதும் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். முழு ஆய்வும் அந்த எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது, அதைக் கேட்க நம்மிடம் உள்ள சொல் மனைவியோடு நின்றுவிடுகிறது. ‘வெளியே போவது’ என்று அச்சில் போட்டால் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிய மாதிரி ஆகிவிடும். ஆணோடு உறவு கொள்பவரையும் அது விட்டுவிடும். இப்போதைக்கு “மனைவி உட்பட, இதுவரை எத்தனை பேருடன் உடலுறவு கொண்டிருக்கிறீர்கள்? (ஆண், பெண், திருநங்கை எல்லோரையும் சேர்த்து)” என்று வைத்திருக்கிறேன். நீளம்தான். குறுக்க வழியிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்று மாலை அச்சுக்குப் போகிறது.

– தேன்