திறப்பு ஏசிசியில் நிற்குது, லொக்குக்கு வரேல்லை (121, ஓட்டோ கியர்)

புதுக்குடியிருப்பு_121

2004 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121, ஓட்டோ கியர், திறப்புப் போட்டு ஸ்ரார்ட் பண்ணுற வகை. எஞ்சினை நிற்பாட்டினால் திறப்பு ஏசிசி (ரேடியோ மட்டும் வேலை செய்யிற நிலை) வரைக்கும் வருது. அங்கால லொக் பக்கம் திரும்புதில்லை, அதால வெளியில எடுக்கவும் ஏலாமல் கிடக்கு. கியர் லீவர் பி (பார்க்) இலதான் நிற்குது, மீற்றரிலும் பி லைற் எரியுது. ஸ்ரேரிங்கை ஆட்டிப் பார்த்தாச்சு, வித்தியாசம் இல்லை. ஸ்ரார்ட் ஆகிறதில ஒரு பிழையும் இல்லை.

ஒராள் துவாரத்துக்குள்ள தேங்காயெண்ணெய் விடச் சொல்லுறார், மற்றாள் குறட்டால பிடிச்சுத் திருப்பச் சொல்லுறார். கிளிநொச்சிக்குக் கொண்டுபோக முதல் வீட்டில என்ன பார்க்கலாம்? இரவு முழுக்க ஏசிசியில விட்டால் பற்றரி இறங்குமோ?

மாங்குளம்_கராஜ்

எண்ணெயும் வேண்டாம், குறடும் வேண்டாம். திறப்பு எந்த இடத்தில நிற்குது எண்டதுதான் முதல் கேள்வி, அதை நீங்கள் வடிவாச் சொல்லிப்போட்டீங்கள். லொக் வரைக்கும் வந்து, வெளியில மட்டும் வராட்டி திறப்பு தேய்ஞ்சிருக்கும், இல்லாட்டி திறப்பு போடுற லொக் சிலிண்டருக்குள்ள இருக்கிற தகடுகள் இறுகியிருக்கும். ஏசிசியிலயே நிற்குதெண்டால், அதுவும் ஓட்டோவில, சிலிண்டரைச் சந்தேகப்படுறது கடைசியில. ஸ்ரேரிங்கை ஆட்டுறதும் இதுக்கு உதவாது. அது லொக்கில இருந்து திறப்பு திரும்பாத நேரத்துக்கான வைத்தியம்.

டொயோட்டா ஓட்டோக்களில லீவர் பியில இல்லாத நேரம் திறப்பை லொக்குக்கு விடாமல் மறிக்க, ஸ்ரேரிங் கொலத்தில, இக்னிஷன் லொக்குக்குப் பக்கத்தில ஒரு சின்ன சொலினொயிட் இருக்கு. கரண்ட் வந்தால் அதின்ர பின் (சின்ன ஊசி) வெளியில வந்து மறிக்கும், கரண்ட் நின்றால் விடும். லீவர் பிக்கு வந்திட்டுது எண்டு அதுக்குச் சொல்லுறது லீவரடியில இருக்கிற ஒரு சின்ன சுவிட்ச். மீற்றரில எரியிற பி லைற்றை நம்பாதேங்கோ. அந்தச் செய்தி கியர்பொக்ஸில இருக்கிற வேற சுவிட்ச்சில இருந்து வருது. லைற் எரிஞ்சுகொண்டே லீவர் சுவிட்ச் வேலை செய்யாமல் இருக்கலாம்.

வீட்டில செய்யிற சோதனை இதுதான். ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து, சில்லுக்கு ஒரு கல்லும் வையுங்கோ. 10 ஆம் நம்பர் ஸ்பானரால பற்றரியின்ர நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, திறப்பை லொக்குக்குத் திருப்புங்கோ. உடன வந்தால் சொலினொயிட்டுக்குப் பிழையாக் கரண்ட் போய்க்கொண்டிருக்கு, சிலிண்டரில பிழையில்லை. வராட்டி பின் இறுகியிருக்கலாம், அல்லது லொக்கிலயே வேலை இருக்கு. எல்லாக் கம்பனிக் காரும் இப்பிடியில்லை எண்டதையும் நினைவில வையுங்கோ. கரண்ட் வந்தால்தான் திறப்பை விடுற வகையும் ஓடுது, அதுகளில பற்றரி செத்தாலே திறப்பு மாட்டும்.

ஏசிசியில விட்டால் பற்றரி இறங்கும். உங்கட பிழை நான் சொன்னதுதான் எண்டால் சொலினொயிட்டும் விடிய விடியக் கரண்ட் குடிக்கும். இரவில நெகட்டிவைக் கழற்றியே வையுங்கோ. மணிக்கூடும் ரேடியோச் சனலும் அழியும், அவ்வளவுதான்.

ஓமந்தை_மனுவல்

இதே மாதிரி மனுவல் கியர் வாகனத்தில நிற்குதெண்டால் முக்கால்வாசி நேரம் பிழையே இல்லை. ஏசிசியில திறப்பை உள்ளுக்கு அமத்திக்கொண்டுதான் லொக்குக்குத் திருப்ப வேணும். சிலதில துவாரத்துக்குப் பக்கத்தில ஒரு சின்னப் பொத்தானும் இருக்கும். இரவல் வாகனம் ஓடுற ஆக்கள் இதிலதான் மாட்டுறது.

ஓட்டோவுக்கு லேசான வழி, சொலினொயிட் பிளக்கைக் கழற்றி விட்டால் சரி. பிறகு ஒரு நாளும் மாட்டாது.

கிளி_வயரிங்

பிளக்கைக் கழற்றி விடுறது கராஜ் வரைக்கும் போக மட்டும் சரி. நிரந்தரமாக விட்டால் டி இல ஓடிக்கொண்டிருக்கும்போதும் திறப்பு லொக் வரைக்கும் போகும், ஸ்ரேரிங் பூட்டும். ஏ9 இல 70 இல போகும்போது அப்பிடி நடந்தால் என்ன ஆகும் எண்டு நான் எழுதத் தேவையில்லை. நியூற்றலில விட்டுவிட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கவும் முடியும். வன்னியில ஏற்றம் எங்க எண்டு கேட்கலாம். குளக்கட்டுச் சரிவில நிற்பாட்டுற ஆக்களிட்டக் கேளுங்கோ.

புதுக்குடியிருப்பு அண்ணை, பற்றரி சோதனைக்கு முதல் காதால ஒரு சோதனை செய்யலாம். ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதிச்சு, ஓனில வைத்து லீவரை நியூற்றலுக்கு எடுங்கோ. திறப்பை ஏசிசிக்குக் கொண்டுவந்து, லீவரைத் திரும்பப் பிக்குத் தள்ளுங்கோ. ஸ்ரேரிங் கொலத்தடியில 'டிக்' எண்டு ஒரு சத்தம் வரவேணும். வராட்டி லீவரைப் பியில முன்னுக்கு அழுத்திப் பிடிச்சுக்கொண்டு திறப்பைத் திருப்பிப் பாருங்கோ. அப்ப மட்டும் வந்தால் லீவர் சுவிட்ச் சரியாக அமத்துப்படேல்லை.

வோல்ற் பார்க்கிற மீற்றர் வைத்திருந்தால் உறுதியாகவே சொல்லலாம். கொலக் கவருக்குக் கீழ 3 ஸ்குறூ இருக்கு, கழற்றினால் சொலினொயிட்டின்ர சின்னப் பிளக் தெரியும். மஞ்சள் பிளக் எதையும் தொடவேண்டாம், அது எயர்பாக். திறப்பு ஏசிசி, லீவர் பி எண்ட நிலையில சொலினொயிட் வயரில கிட்டத்தட்ட 0 வோல்ற் காட்டவேணும். முழு 12 இல்லாட்டியும், 6 வோல்ற்றுக்கு மேல நின்றால் பிழை லீவர்ப் பக்கம். 0 காட்டியும் திறப்பு வராட்டி பின் இறுகியிருக்கு. ஸ்குறூ டிறைவர்ப் பிடியால சொலினொயிட் உடம்பில மெதுவாத் தட்டிப் பாருங்கோ.

புதுக்குடியிருப்பு_121

'டிக்' சத்தம் வரேல்லை. நெகட்டிவைக் கழற்றினதும் திறப்பு லேசா லொக்குக்கு வந்து வெளியில வந்திட்டுது. திரும்பப் பூட்டி, ஓனுக்குப் போட்டுக் கொண்டுவந்தால் பழையபடி ஏசிசியில நிற்குது. மீற்றர் வைத்துப் பார்த்ததில, லீவர் பியில இருக்க 8 வோல்ற் காட்டுது. லீவரடியில பிசுபிசுப்பு இருக்கு, பிள்ளையள் சோடா ஊத்தினது. சுவிட்சை மாற்றத்தான் வேணுமோ?

மாங்குளம்_கராஜ்

8 வோல்ற் எண்டால் வேற எங்கயும் தேடவேண்டாம், லீவர் சுவிட்ச்தான். மாற்ற முதல் கழுவிப் பாருங்கோ. சோளகக் காலத்தில கண்ணாடி திறந்துவிட்டு கிரவல் றோட்டில ஓடுற வாகனங்களுக்கு அந்தச் செம்புழுதி லீவரடியில படியும். அதில சோடாவோ சீனித் தேத்தண்ணியோ விழுந்தால் சுவிட்ச் இறுகும்.

நெகட்டிவைக் கழற்றி, சில்லுக்குக் கல்லு வைத்து, நடுக் கொன்சோலை எடுங்கோ. முதலில் காய்ஞ்ச பிரஷ்ஷால மண்ணைத் தட்டி, கொம்பிரசர்க் காற்றை தூர நின்று அடியுங்கோ. கிட்டப் பிடிச்சால் புழுதி இன்னும் உள்ளுக்குப் போகும். பிறகு கொன்டாக்ட் கிளீனர் அடிச்சு, சுவிட்ச்சின்ர சின்ன நாக்கை விரலால பலதரம் அமத்தி விடுங்கோ, கறுத்த தண்ணி வடியும். அது நிற்கும் வரைக்கும் அடிக்கலாம். டபிள்யூடி-40 யும் கிறீஸும் வேண்டாம், ரெண்டும் அடுத்த புழுதியைப் பிடிச்சு வைக்கும். பற்றரி பூட்ட முதல் கால் மணித்தியாலமாவது காயவிடுங்கோ, கிளீனர் ஆவி தீப்பிடிக்கும்.

பூட்டி மீற்றரில 0 வந்தால் வேலை முடிஞ்சுது. நாக்கு அமத்தியும் திரும்பி வராட்டி, அல்லது ரெண்டு கிழமையில திரும்பவும் வந்தால், ஷிஃப்ட் லொக் யூனிட்டை (அந்தச் சுவிட்ச் இருக்கிற லீவரடித் தொகுதி) முழுதா மாற்றுங்கோ. கொழும்பு பஞ்சிகாவத்தையில பழசு எடுக்கலாம். உங்கட பிளக்கைப் படம் எடுத்துக்கொண்டு போங்கோ, 121 எண்டு சொன்னால் மட்டும் போதாது.

வவுனியா_திறப்பு

ஒண்டு மட்டும் சேர்க்கிறன். மாட்டின நாட்களில பலமாத் திருப்பியிருந்தால் திறப்பை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. கழுத்தில முறுக்கோ மயிர்க்கோடோ தெரிஞ்சால் அதை இனிப் பாவிக்க வேண்டாம், உள்ளுக்கு முறிஞ்சால் செலவு வேற. புதுசு வெட்டும்போது தேய்ஞ்ச திறப்பைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து வரும். அதிகம் பாவிக்காத ரெண்டாவது திறப்பையோ, இலக்கம் அடிச்ச சின்னத் தகட்டையோ கொடுங்கோ. தலைக்குள்ள சிப் இருந்தால் வெறும் இரும்புத் திறப்பு கதவைத்தான் திறக்கும், எஞ்சின் பிடிக்காது.

துவாரத்துக்குக் கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும், திறப்பில தடவிப் பலதரம் விட்டு எடுங்கோ. தேங்காயெண்ணெய் விட்ட சிலிண்டரைக் கழற்றினால் தகடு ஒவ்வொண்டும் செம்மண் களியில ஒட்டிக் கிடக்கும்.