மறு: ‘பேக்லாஷ் எரர்’ தமிழில் – ‘வெறுந்திருப்பு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

திருகால் நகரும் அளவுக் கருவியில் திருகின் திசையை மாற்றியதும் கொஞ்ச தூரம் திருகு மட்டும் சுற்றி, நகர வேண்டியது நகராமல் நிற்பதால் வரும் பிழைதான் ‘பேக்லாஷ் எரர்’. ஆய்வகக் கையேட்டுக்காக இதற்குத் தமிழில் கேட்ட ஒரு சொல் இவ்வளவு தூரம் இழுக்கும் என்று நினைக்கவில்லை. வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டு, வீட்டில் இருந்த பழைய திருகு அளவியையும் கொஞ்ச நேரம் திருகிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

> ‘பின்னடைவுப் பிழை’ என்றே பலர் எழுதுகிறார்கள். புதுச்சொல் எதற்கு?

பின்னடைவு என்றதும் தேர்தல் முடிவுதான் நினைவுக்கு வருகிறது. அதைக்கூட விட்டுவிடலாம். ஏதோ ஒன்று பின்னால் போகிறது என்று அந்தச் சொல் சொல்கிறது, இங்கே பின்னால் போவது எதுவுமே இல்லை. நகர வேண்டியது நகராமல் நிற்கிறது, அதுதான் சங்கதி. மாணவனாக இருந்தபோது வாய்மொழித் தேர்வில் “திருகு தானாகப் பின்னுக்கு வருவது சார்” என்று சொல்லி நான் மாட்டிக்கொண்டதே இந்தப் ‘பின்’ செய்த வேலைதான்.

நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். திருகால் நகரும் ஒரு நுண்ணோக்கியை எடுத்துக்கொள்வோம். திருகின் புரிக்கும் (சுற்றி ஓடும் வரிக்கும்) நட்டின் புரிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். வலப்புறமாகத் திருகிக்கொண்டே போகும்வரை புரியின் ஒரு பக்கம் நட்டை ஒட்டித் தள்ளிக்கொண்டு போகும். திசையை மாற்றியதும் அந்தப் பக்கம் விலகி, மறுபக்கம் போய் ஒட்ட வேண்டும். அது ஒட்டும்வரை தலைக்கோல் (திருகின் தலையில் உள்ள வட்ட அளவுகோல்) சுற்றும், நுண்ணோக்கி அசையாது. அளவு மட்டும் ஏறிவிடும்.

ஒளியை இரண்டாகப் பிரித்து, ஆடிகளில் பட்டுத் திரும்பியதும் சேர்த்து வளையங்களாகக் காட்டும் மைக்கல்சன் குறுக்கீட்டுமானியில் இது கண்ணுக்கே தெரியும். திருகு நகரும் அளவே ஆடியும் நகரும் அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், இடைவெளி 0.02 மி.மீ. சோடியம் ஒளியின் அலைநீளம் 589.3 நானோமீட்டர் என்பதால், அந்த 0.02 மி.மீ.க்குச் சுமார் 68 வளையங்கள் மையத்தில் முளைக்கவோ மூழ்கவோ வேண்டும். ஒன்றுகூட அசையாது. கை திருப்புகிறது, காட்சி அப்படியே நிற்கிறது. இதைப் பார்த்தவருக்குப் ‘பின்னடைவு’ என்ற சொல் வாயில் வரவே வராது.

> ‘புரித்தளர்வு’ என்று காரணத்தையே பெயராக வைக்கலாமே? புரிக்கோல், புரியிடைத்தூரம் என்று ஏற்கெனவே இருக்கிறதே.

நல்ல சொல்தான், முதலில் நானும் இதன் பக்கம்தான் இருந்தேன். (புரிதலில் தளர்வு என்று மாணவர்கள் கேலி செய்வார்கள், அது வேறு.) சிக்கல் என்னவென்றால், பற்சக்கரங்களிலும் இதே பிழை உண்டு, அங்கே புரி கிடையாது. தவிர, இடைவெளிக்குப் பட்டறையில் சொல் தயாராக இருக்கிறதே: “ஆட்டம் இருக்கு” என்கிறார்கள். காரணத்துக்கு ஆட்டம் போதும். நமக்கு வேண்டியது அதனால் விளையும் பிழைக்கான பெயர்.

> காந்தத் தயக்கம் மாதிரி ‘திருகுத் தயக்கம்’?

இந்த மடலைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். காந்தத் தயக்கம் என்பது காந்தப்புலத்தை மாற்றும்போது இரும்பின் காந்தமாக்கம் பின்தங்கி வருவது. இங்கேயும் தலைக்கோல் அளவை ஓர் அச்சிலும் நுண்ணோக்கியின் இடத்தை மற்றதிலும் குறித்தால், போகும் கோடு ஒன்று, வரும் கோடு ஒன்று என்று உண்மையிலேயே ஒரு கண்ணி கிடைக்கும். இயற்பியல்படி குறை சொல்ல முடியாது. ஆனால் காந்தத் தயக்கக் கண்ணியின் பரப்பு ஆற்றல் இழப்பைத் தரும், இந்தக் கண்ணியின் பரப்புக்கு அப்படிப் பொருள் இல்லை. இரண்டு சோதனைகளையும் ஒரே கையேட்டில் செய்யும் மாணவர் இங்கேயும் பரப்பைக் கணக்கிட உட்கார்ந்துவிட்டால் பழி நம்மேல்தான். மனமில்லாமல்தான் ஒதுக்குகிறேன்.

சரி, என் பரிந்துரை. முதலில் ‘வெறுஞ்சுற்று’ என்று நினைத்தேன், வெறுங்கை, வெறும்பேச்சு மாதிரி. மின்னியல் பாடத்தில் அது மின்சுற்றாகிவிடும் என்று இங்கே ஒருவர் சொன்னது நியாயம். அதனால் ‘வெறுந்திருப்பு’. சாவியைத் திருப்பு, வண்டியைத் திருப்பு என்று இரண்டு பொருளிலும் பேசுகிறோம். ஒன்று சுழற்றுவது, மற்றது வந்த திசையை மாற்றுவது. இந்தப் பிழை பிறக்க இரண்டும் வேண்டும். ‘வெறுந்திருப்புப் பிழை’ என்று சேர்க்கும்போது நாக்கு கொஞ்சம் இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

> விட்டம் என்பது இரண்டு அளவுகளின் வித்தியாசம்தானே, பிழை கழிந்துவிடாதா? தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு இது முக்கியமா?

கழிவது சுழிப்பிழை, அதாவது சுழியைக் காட்ட வேண்டிய இடத்திலேயே கருவி வேறு அளவு காட்டுவது. அது இரு அளவுகளிலும் ஒரே மாதிரி இருக்கும். வெறுந்திருப்பு அப்படி இல்லை. வில்லையைக் கண்ணாடித் தட்டின்மேல் வைத்து ஒளி பாய்ச்சினால் தெரியும் வட்டங்கள்தான் நியூட்டன் வளையங்கள், அவற்றின் விட்டங்களிலிருந்து வில்லையின் வளைவு ஆரத்தைக் காண்கிறோம். வளையத்தின் இடப்பக்கத்தை ஒரு திசையில் போகும்போதும், வலப்பக்கத்தை எதிர்த்திசையில் வரும்போதும் அளந்தால், ஒவ்வொரு விட்டத்திலும் அந்த இடைவெளி முழுசாக ஏறி உட்காரும், அல்லது குறையும். வளைவு ஆரம் 100 செ.மீ., சோடியம் ஒளி என்று எடுத்துக்கொண்டால் 5-ஆம் வளையத்தின் விட்டம் 3.433 மி.மீ., 20-ஆவதன் விட்டம் 6.866 மி.மீ. இரண்டிலும் 0.05 மி.மீ. கூடட்டும். ஆரம் காண நாம் கழிப்பது விட்டங்களின் வர்க்கங்களை. அதனால் 35.36 வர வேண்டிய இடத்தில் 35.70 வரும், ஆரம் ஏறக்குறைய 101 செ.மீ. என்று முடியும். மாணவர் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார், கணக்கில் தப்பே இருக்காது.

அப்புறம் இன்னொன்று. வெர்னியர் (நுண்ணிய அளவு படிக்கும் துணை அளவுகோல்) நேரே நகரும் தட்டோடு பொருத்தப்பட்டிருந்தால் இந்தப் பிழை அளவுக்குள் வராது, ஏனென்றால் அங்கே படிப்பது திருகை அல்ல, தட்டின் இடத்தை. கையேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்கக் கையேட்டுக்கான குறிப்பையும் எழுதிப் பார்த்தேன்:

“குறுக்குக் கம்பியை இடப்புறம் 22-ஆம் வளையத்துக்கு அப்பால் கொண்டுபோய், அங்கிருந்து வலப்புறமாக மட்டுமே நகர்த்துக. வெறுந்திருப்பு தீர்ந்து நுண்ணோக்கி நகரத் தொடங்கிய பிறகே முதல் அளவை எடுக்க. ஒரு வளையத்தைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பி அளக்கக் கூடாது. அதற்கும் இடப்புறமாக வெகுவாகப் பின்வாங்கி, மீண்டும் வலப்புறமாக வருக.”

இதில் எந்த இடத்திலாவது தடுக்கினால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.