மறு: 'வசந்தகால ஓட்டம்' வேண்டாம், 'உருகுபெருக்கு' சரியா?

ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் தூண்டில் மீன்பிடிச் சொற்பட்டியலில் ஆங்கில 'spring runoff' என்பதற்கு 'வசந்தகால ஓட்டம்' என்று ஐயா எழுதியதைப் படித்ததும், தோட்டப் பள்ளித் திடலில் நூறு மீட்டர் ஓடும் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். மன்னிக்க வேண்டும். ஆற்றில் என்ன நடக்கிறது என்பது அந்தச் சொல்லில் இல்லை.

குளிர்காலம் முழுதும் மலையில் சேர்ந்த பனி, வெயில் ஏறியதும் உருகி இறங்குகிறது. ஆறு வாரக்கணக்கில் கலங்கலாகக் கரை முட்ட ஓடுகிறது. அது வசந்தத்துக்குள் அடங்குவதும் இல்லை. அமெரிக்காவின் மொண்டானா மாநிலம் வழியே ஓடும் யெல்லோஸ்டோன் ஆறு பெரும்பாலும் ஜூனில்தான் உச்சத்தைத் தொடும். நம் இளவேனிலோ வைகாசியோடு சரி.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் நமக்கு ஆறு ஏறினால் மேலே மழை என்று பொருள். மலையில் கொட்டிய மழை, கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவர்மேல் திடீரெனப் பாயும் 'கெப்பாலா ஆயர்' எல்லோருக்கும் தெரியும். 'வெள்ளம்' என்று போட்டால் அந்த அச்சம்தான் முன்னால் நிற்கும். பனி உருகி ஓடும் ஆறோ மேகமே இல்லாத நாளிலும் ஏறும். பகலில் உருகியது இறங்கிவர நேரம் பிடிப்பதால், மலையை ஒட்டிய ஓடைகள் மாலையிலும் இரவிலும் பெருகிக் காலையில் சற்றுத் தணியும்.

ஆகவே 'உருகுபெருக்கு'. ஆடிப்பெருக்கு நமக்குப் பழகிய சொல், காது உறுத்தாது. 'ஊறுகாய்' போல இதுவும் வினைத்தொகை: உருகிய, உருகுகின்ற, உருகும் என மூன்று காலமும் உள்ளே இருக்கின்றன. வாரக்கணக்கில் நீளும் நிகழ்வுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? நடுவில் 'ப்' போட்டுவிடாதீர்கள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. தம்பி சொன்ன 'உருகுநீர்' நல்ல சொல்தான். ஆனால் அது தண்ணீரின் பெயர். ஐஸ் கரைந்த குவளையிலும் இருக்கும்.

ஆங்கில 'fly fishing' என்பதற்குப் பட்டியலில் உள்ள 'ஈ மீன்பிடி'யையும் எடுத்துவிடலாம். மீன் சந்தையில் மொய்ப்பதுதான் நமக்கு ஈ. இறகையும் முடியையும் நூலால் கொக்கியில் கட்டிச் செய்வதைப் பொய்க்கால் குதிரை வழியில் 'பொய்ப்பூச்சி' என்றே சொல்லலாமே.

இன்னொரு சொல் பாக்கி. ரப்பர் மரம் நனைந்து பால்வெட்டு நின்ற நாள்களில் அப்பா என்னைப் பிளஸ் ஆற்றுக்கு அழைத்துப் போவார். செம்மண் நிறத்தில் ஆறு புரளும். நடுவே வீசினால் திட்டு விழும். கரையோரம், கல்லுக்குப் பின்னால், நீர் சோர்ந்து சுற்றும் இடத்தில்தான் மண்புழுவை இறக்கச் சொல்வார். உருகுபெருக்கில் டிரவுட் மீனும் நீரோடு மல்லுக்கட்டாமல் இப்படி ஓரத்தில்தான் ஒதுங்குகிறது. அங்கே தூண்டில் போடுகிறவர்கள் புழு வடிவத்திலும் பெரிய கறுத்த இளம்பூச்சி வடிவத்திலும் பொய்ப்பூச்சி கட்டி, எடை சேர்த்து அடியில் ஓட விடுகிறார்கள். அந்த இடத்துக்குப் பட்டியலில் 'ஒதுக்குநீர்' என்றிருக்கிறது. நீர்வாரியம் பங்கு பிரித்துக் கொடுத்ததுபோல் இல்லையா? அப்பா அதை 'அசந்த தண்ணி' என்பார். அச்சில் 'அயர்நீர்' என்று போடலாமா? அதுவும் வினைத்தொகைதான்.