ஆஞ்சியோ தேதி வந்துவிட்டது: கொருக்குப்பேட்டையிலிருந்து

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எங்க அண்ணிக்கு மூளையில ஏவிஎம். காமா நைஃப் குடுத்து எட்டு மாசம் ஆச்சு. ஸ்கேன்ல அப்படியேதான் இருக்காம். வேலை செய்யலையா?" ஏவிஎம் என்றால் ரத்தக் குழாய்கள் பிறழ்ந்து சிக்கிக் கிடப்பது. காமா நைஃப் என்றால் மண்டையைத் திறக்காமல் அந்த இடத்தில் கதிர் வைக்கிற சிகிச்சை. படித்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது. இதே கேள்வியோடு நானும் எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டினவர். 2021 நவம்பரில் ஒரு விடியற்காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் ஃபிட்ஸ் வந்து விழுந்தார். ஆட்டோவில் போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனில், மூளையின் வலது பக்கம் ரத்தக் குழாய்கள் நூல்கண்டு சிக்கின மாதிரி கிடந்தன. இவருக்கும் ஏவிஎம்தான். தமனியிலிருந்து வருகிற ரத்தம் மெல்லிய தந்துகிகள் வழியாக வேகம் குறைந்துதான் சிரைக்குப் போக வேண்டும். இவருக்கு அந்த இடத்தில் தந்துகியே இல்லை. முழு வேகத்தோடு நேரே சிரையில் பாய்கிறது. வருஷத்துக்கு நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு அது வெடிக்கலாம் என்றார் டாக்டர். அந்த எண்ணைக் கேட்ட பிறகு அவர் தும்மினாலும் எனக்குப் பதறும்.

ஆழத்தில் இருந்ததால் மண்டையைத் திறக்க வேண்டாம், கதிர் போதும் என்று முடிவானது. 2022 மார்ச்சில் பெங்களூரில் வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, தலையைச் சுற்றி ஒரு உலோகச் சட்டத்தை நான்கு திருகால் பூட்டினார்கள். அந்தச் சட்டத்தோடேயே எம்ஆர்ஐ, ஆஞ்சியோ (ரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கிற படம்), பிறகு கதிர். சாயங்காலம் கழற்றியபோது நெற்றியில் இரண்டு இடத்தில் மிளகு அளவுக்கு ரத்தம் முட்டி நின்றது. பஞ்சு வைத்து நான்தான் அழுத்திப் பிடித்தேன். இன்றைக்கும் இரண்டு புருவத்துக்கும் மேலே அந்தப் புள்ளிகள் இருக்கின்றன. அவ்வளவுதான் அடையாளம்.

அடையாளம் இல்லாததுதான் பெரிய கஷ்டமாகப் போனது. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "கட்டு கூட இல்ல, தையல் கூட இல்ல, இன்னாம்மா ஆபரேஷன் இது?" என்று தெருவில் கேட்டார்கள். வண்டி முதலாளியும் இரண்டே மாதத்தில் "எப்ப வண்டி எடுக்கறே?" என்று போன் போட ஆரம்பித்தார். ஃபிட்ஸ் வந்த மனுஷன் நாற்பது அடி பெட்டியை இழுத்துக்கொண்டு எண்ணூர் ரோட்டில் போகலாமா? டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றிருந்தார். கடைசியில் வேறொரு ஷெட்டில், பாதிச் சம்பளத்துக்கு, ட்ரிப் ஷீட் எழுத உட்கார்ந்தார்.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கதிர் வைத்த அன்றைக்கு எதுவும் அடைபடாது. கதிர் பட்ட குழாயின் உள்சுவர் நாளாக ஆகத் தடித்து, உள்வழி குறுகிக் குறுகி மூட வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். எட்டு மாதத்தில் "அப்படியே இருக்கு" என்றால் தோற்றுப்போச்சு என்று அர்த்தமில்லை. ஆனால் முழுசாக மூடும்வரை வெடிக்கிற ஆபத்தும் தீராது. அதனால் மாத்திரையை ஒரு வேளைகூட விட வேண்டாம், அண்ணி தூக்கம் கெட வேண்டாம். திடீரென்று கடுமையான தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

ஒரு வருஷ ஸ்கேன்தான் எங்களை உலுக்கிப்போட்டது. 2023 மார்ச். அதற்கு முன்னாலேயே இடது கை சரியாகப் பிடிக்கவில்லை, சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். படத்தில் அந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. இங்கே ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒருவர் "கட்டி மாதிரி தெரியுது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. படங்களை பெங்களூருக்கு அனுப்பினோம். கட்டி இல்லை, கதிரால் வந்த வீக்கம், ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் சிலருக்கு வரும் என்றார்கள். ஸ்டீராய்டு கொடுத்து மெதுவாகக் குறைத்தார்கள். முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. ஆனால் நாலு மாதத்தில் அவரே பொத்தான் போட்டுக்கொண்டார். கதிர் கொடுத்த டாக்டர் பார்க்கிறவரை வேறு யார் சொல்வதையும் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வீட்டுக்குள் முட்டி அளவு தண்ணீர், கரண்ட் இல்லை. மாத்திரைகளை டிபன் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தேன். எங்கள் ரயில்வே கேட் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், சாதாரண நாளிலேயே மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. இந்த ராத்திரி வெடித்தால் எப்படிக் கொண்டுபோவேன் என்று கட்டில்மேல் உட்கார்ந்து அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் முழித்துப் பார்த்தவர் சொன்னார்: "ஹார்பர் ஜீரோ கேட்டாண்ட ரெண்டு நாள் லைன்ல நின்னுருக்கேன். வண்டி நவுரலன்னு எறங்கியா ஓடிட்டேன்? படும்மா." அதன் பிறகுதான் கொஞ்சம் கண் அசந்தேன்.

இந்த மார்ச்சோடு மூன்று வருஷம். எம்ஆர்ஐயில் அந்தச் சிக்கலில் ரத்த ஓட்டம் தெரியவில்லை என்று ரிப்போர்ட். வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். ஆனால் சின்ன ஓட்டம் எம்ஆர்ஐ கண்ணுக்குத் தப்பலாம், ஆஞ்சியோதான் கடைசி வார்த்தை என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் தேதி.

* * *

அக்கா, திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். எங்க அப்பாவுக்கு மூணு வருஷ ஆஞ்சியோவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உடைஞ்சு போயிட்டோம். ஆனா முன்னைவிடச் சின்னதாகியிருந்ததால மறுபடி கதிர் குடுத்தாங்க. இப்ப ரெண்டாவது காத்திருப்பு, நல்லா நடமாடறாரு. மிச்சம் இருந்தாலும் வழி இருக்குன்னு சொல்லத்தான் எழுதினேன். பௌர்ணமிக்கு வடிவுடையம்மன்கிட்ட உங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்து வேண்டிக்கறேன். ஆஞ்சியோவுக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்னு கேட்டுக்கங்க.

* * *

ரொம்ப நன்றிம்மா. மிச்சம் இருந்தால் என்ன என்று அவரிடம் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு உன் பதிலைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்ப இன்னொரு தபா பெங்களூர் போவோம்" என்றார். கதிர் வைப்பதற்கு முன் எடுத்த ஆஞ்சியோ சிடிதான் முக்கியமாம், அதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். தொடை வழியாகக் குழாய் விடுவதால் முடிந்த பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும், அதற்குத் துணைக்கு ஒரு ஆள். ஃபிலிம்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஸ்டான்லியில் எடுத்த முதல் ஃபிலிம் வெள்ளத்தில் ஓரம் நனைந்து உறையோடு ஒட்டிக்கொண்டது. நேற்று ஆவி காட்டி மெள்ளப் பிரித்து, மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருக்கிறேன்.