கோழி எச்சத்தில் புழு: மருந்து கொடுத்தும் திரும்பிவிட்டது, உதவுங்கள்

செம்பவாங் கோழிவீடு:
வணக்கம். தரைவீட்டில் எட்டுக் கம்பத்துக் கோழிகள் (நாட்டுக்கோழிகள்) வளர்க்கிறோம். காட்டுப்பறவை நுழையாதபடி வலையடித்த கூண்டு, ஆனால் தரை வெறும் மண். நவம்பர் கடைசியில் ஒரு வெடைக்கோழியின் எச்சத்தில் சேமியா மாதிரி வெள்ளைப் புழு, என் சுண்டுவிரல் நீளம், நெளிந்துகொண்டிருந்தது. பிப்பரசீன் என்ற புழு மருந்தைத் தண்ணீரில் கலந்து ஒரு நாள் கொடுத்தோம். மறுநாள் நிறையப் புழு விழுந்தது. சரி, தீர்ந்தது என்று இருந்துவிட்டோம்.

இப்போது ஜனவரி கடைசி. அதே கோழிக்குக் கொண்டை வெளுத்துவிட்டது, தூக்கினால் நெஞ்செலும்பு கையில் குத்துகிறது, முட்டையும் நின்றுபோனது. மருந்து சரியில்லையா? அம்மா வேப்பிலை அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். மகளின் மடியில் வந்து உட்காரும் கோழி, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

சிலேத்தார் தாத்தா:
மருந்தைக் குறை சொல்லாதே அம்மா. நீ சொல்வது உருண்டைப் புழு. பிப்பரசீன் குடலுக்குள் இருக்கும் பெரிய புழுவைத்தான் வெளியேற்றும். குடல்சுவரில் புதைந்திருக்கும் குஞ்சுப்புழு தப்பிவிடும். எச்சத்தோடு விழுந்த முட்டைகள் நம் ஊர் ஈரத்திலும் சூட்டிலும் இரண்டு வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கோழி அதைக் கொத்தி விழுங்கினால் 5 முதல் 8 வாரத்தில் அது வளர்ந்து முட்டையிடும். உன் நவம்பரிலிருந்து எண்ணிப் பார், கணக்கு சரியாக வரும்.

பூண்டு, வேப்பிலை, பூசணி விதை எல்லாம் நானும் கொடுத்திருக்கிறேன். இந்த அளவு புழுவை அவை இறக்கி நான் பார்த்ததில்லை. கோழி மெலிந்த பிறகு அதில் நாளைக் கடத்தாதே.

கூண்டும் குஞ்சும்:
அக்கா, முதலில் எச்சத்தைப் பரிசோதியுங்கள். நாலைந்து கோழிகளின் புது எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்து அன்றே பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். அரிசி மாதிரி துண்டு துண்டாகத் தெரிந்தால் நாடாப்புழு, அதற்குப் பிப்பரசீன் கேட்காது. ஃபென்பெண்டசோல் என்ற மருந்து குஞ்சுப்புழுவையும் பிடிக்கும். எடை பார்த்து மருத்துவர் அளவு சொல்வார். சோர்ந்த கோழி தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும், அதனால் வாயில் விட முடியுமா என்று கேளுங்கள். முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதையும் மறக்காமல் கேளுங்கள். இரவில் டார்ச் அடித்து இறக்கைக்கு அடியிலும் பரணிலும் பாருங்கள், உண்ணி இருந்தாலும் கொண்டை வெளுக்கும்.

செம்பவாங் கோழிவீடு:
நன்றி. ஒரு சந்தேகம்: மழை விட்டதும் மகள் மண்புழு பொறுக்கிப் போடுவாள், அது பரவாயில்லையா?

சிலேத்தார் தாத்தா:
இப்போதைக்கு வேண்டாம். அந்த மண்ணில் கிடக்கும் முட்டையை மண்புழு தின்று, கோழிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கிருமிநாசினி ஊற்றியும் பயனில்லை, முட்டையின் ஓடு அவ்வளவு தடிப்பு. அதைக் கொல்வது வெயிலும் வறட்சியும்தான். நாலு விரல் ஆழம் மேல்மண்ணை வாரிவிட்டு மணல் போடு. சாரல் அடிக்காமல் கூரையை நீட்டு. தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தொங்கவிடு. எச்சத்தைத் தினமும் அள்ளு; இரண்டு வாரம் கிடந்தால்தானே ஆபத்து.

செம்பவாங் கோழிவீடு:
எச்சத்தில் உருண்டைப் புழு முட்டைதான், நாடாப்புழு இல்லை. எட்டுக்கும் ஐந்து நாள் மருந்து. மண்ணை இன்று பாதி வாரியாயிற்று. மகள் கையுறை போட்டுக்கொண்டு மீதியை வாருகிறாள்.