லூசியானாவில் பிரசவம்: மிசோப்ரோஸ்டால் பூட்டிலா இருக்கிறது?

ஹூஸ்டன்காரன்:
தங்கச்சிக்கு பேட்டன் ரூஜில் அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் கலங்கிப்போனோம். மிசோப்ரோஸ்டால் வைத்த பிறகுதான் நின்றது. இப்போது அந்த மாத்திரையையே பூட்டி வைத்திருக்கிறார்கள் என்கிறார் மாப்பிள்ளை. கருக்கலைப்புக்குப் போட்ட சட்டம் பிள்ளை பெறப் போகிறவளுக்கு ஏன் குறுக்கே வருகிறது?

நைட் டியூட்டி நர்ஸ்:
அண்ணா, நான் லூசியானாவில்தான் பிரசவ வார்டில் இருக்கிறேன். மாப்பிள்ளை சொன்னது நிஜம். 2024 அக்டோபர் 1 முதல் கருக்கலைப்புக்குச் சேர்த்துக் கொடுக்கிற மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் இங்கே ஷெட்யூல் 4, அதாவது கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில். சேனாக்ஸ், வேலியம் மாதிரி பதற்றத்துக்கான மாத்திரைகள் இருக்கிற அதே பட்டியல். 200க்கும் மேற்பட்ட டாக்டர்கள் வேண்டாமென்று கடிதம் எழுதியும் கவர்னர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முன்பு மிசோப்ரோஸ்டால், ரத்தப்போக்குக்கான அவசர மருந்துகளை வைக்கிற தள்ளுவண்டியிலேயே கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். இப்போது வராந்தா கடைசியில் பூட்டிய இயந்திரம்: விரல்ரேகை, கணக்கு, அப்புறம் ஓட்டம். சட்டம் வந்த வாரம் கையில் கடிகாரத்தோடு ஓடிப் பழகினோம். சிரிப்பாகவும் வந்தது, வயிறும் எரிந்தது.

ஆனால் ரத்தப்போக்கை நிறுத்த முதலில் கொடுப்பது ஆக்சிடோசின் என்ற மருந்துதான், அதற்கு இந்தச் சட்டம் இல்லை. சிக்கல் அதற்கடுத்துக் கொடுக்கிற மருந்துகளில். பிரஷர் இருந்தால் மெதர்ஜின் போட முடியாது, ஆஸ்துமா இருந்தால் ஹெமபேட் போட முடியாது. அப்போதுதான் மிசோப்ரோஸ்டாலின் அருமை தெரியும். போன தடவை ரத்தம் போனதை உள்ளே நுழைந்ததுமே சொல்லச் சொல்லுங்கள்.

சேலத்து சிவா:
டாக்டர்கள் வீடியோவில் பார்த்துக் கருக்கலைப்பு மாத்திரை எழுதி, தபாலில் அனுப்புகிறார்களே, அதைத் தடுக்கத்தானே இந்தச் சட்டம்? நேரில் பார்க்காமல் கொடுப்பது மட்டும் சரியா?

நைட் டியூட்டி நர்ஸ்:
கேள்வி நியாயம்தான். கருக்குழாயில் தங்கிய கருவை அந்த மாத்திரை கலைக்காது. அதைக் கேட்டு விசாரிக்காமல் எழுதினால் ஆபத்து. ஆனால் மிஃபெப்ரிஸ்டோனை நேரில் வந்துதான் வாங்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே 2021 டிசம்பரில் எடுத்துவிட்டது. எங்கள் வார்டைப் பூட்டினால் தபால் எப்படி நிற்கும்? 2025 ஜனவரியில் இங்குள்ள கிராண்ட் ஜூரி (வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு), இந்த மாத்திரையை அனுப்பியதாக ஒரு நியூயார்க் டாக்டர் மேல் குற்றம் சாட்டியது. நியூயார்க் கவர்னர் கேத்தி ஹோக்குல் அந்த டாக்டரை ஒப்படைக்க முடியாது என்றார். மாத்திரை லேபிளில் டாக்டர் பெயருக்குப் பதில் கிளினிக் பெயர் போடலாம் என்ற சட்டத்திலும் கையெழுத்திட்டார்.

ஹூஸ்டன்காரன்:
சிஸ்டர், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இன்றைக்கே டாக்டருக்கு மெசேஜ் போடச் சொல்கிறேன்.